சூரிய மின்துறையில் அரசு ஆதரவும் நிறுவன இலாபமும்: ஜெர்மனியை முன்வைத்து

முன்னுரை

அரசு ஆதரவு பெறும் துறையில் நிறுவனங்களின் இலாபம் நிலைபெறும் என்பது பொதுவான கருத்தாகும். ஜெர்மனியின் சூரிய மின்துறை வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. அங்கு ஆதரவின் பயன் யாரிடம் தங்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆதரவின் இயங்குமுறை

ஜெர்மனியின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சூரிய மின்சாரத்திற்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ 50 யூரோ சென்ட் எனும் கொள்முதல் விலையை அச்சட்டம் 20 ஆண்டுகளுக்கு உறுதிசெய்தது. புதிதாக நிறுவப்படும் நிலையங்களுக்கு இவ்விலை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. இதற்கான செலவை மின் நுகர்வோரே கூடுதல் கட்டணமாகச் செலுத்தினர்.

இங்குக் கருதத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. விலையுறுதி பெற்றவர் மின் உற்பத்தியாளர். சூரியத் தகடு செய்யும் நிறுவனத்திற்கு அத்தகைய உறுதி ஏதும் இல்லை; அதற்குக் கிடைத்தது பெருகிய தேவை மட்டுமே.

இலாப உயர்வு

தேவை பெருகியபோது வழங்கல் போதவில்லை. இதனால் தகடுகளின் விலை உயர்ந்த நிலையிலேயே நீடித்தது. 1999-இல் தொடங்கப்பட்ட கியூ-செல்ஸ் நிறுவனம் 2007-இல் உலகின் மிகப்பெரிய சூரிய மின்கல உற்பத்தியாளராக வளர்ந்தது. எனினும், ஆதரவின் ஒரு பகுதி மூலப்பொருளான பாலிசிலிக்கனை விற்றோரிடம் சென்றது. 2008-இல் உடனடிச் சந்தையில் அதன் விலை கிலோவுக்கு 400 டாலரைக் கடந்தது. பற்றாக்குறைக்கு அஞ்சிய நிறுவனங்கள் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன.

இலாப வீழ்ச்சி

பெருமளவில் தகடுகளை வாங்கிய ஸ்பெயின், 2008-இல் தன் ஆதரவுத் திட்டத்திற்கு உச்சவரம்பு விதித்தது. அதே காலத்தில் உலக நிதி நெருக்கடி ஏற்பட்டது. சீன நிறுவனங்களின் உற்பத்தியும் பெருகியது. தகடுகளின் விலை சரிந்தது. கியூ-செல்ஸ் 2009-இல் 100 கோடி யூரோவுக்கும் மேல் இழப்பைச் சந்தித்தது. 2012 ஏப்ரலில் திவால் மனு அளித்தது. பின்னர் தென்கொரியாவின் ஹன்வா குழுமம் அதனை வாங்கியது.

சோலார்வேர்ல்டு நிறுவனத்தைப் பழைய ஒப்பந்தங்கள் பாதித்தன. அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடம் ஒப்புக்கொண்ட சிலிக்கனை வாங்காமைக்காக, அதன் துணை நிறுவனம் சுமார் 79 கோடி டாலர் செலுத்த வேண்டுமென 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோலார்வேர்ல்டு 2017 மே மாதத்தில் திவால் மனு அளித்தது.

இவ்வீழ்ச்சிக் காலத்தில் ஜெர்மனியில் ஆதரவு நின்றுவிடவில்லை. 2010 முதல் 2012 வரை ஆண்டுதோறும் 7,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட சூரிய மின்திறன் அங்கு நிறுவப்பட்டது. முன்னரே நிலையம் அமைத்தோர் உறுதியளிக்கப்பட்ட விலையைத் தொடர்ந்து பெற்றனர்.

முடிவுரை

கொள்முதல் விலை வழியான ஆதரவு, உற்பத்தியாளருக்குத் தேவையை உருவாக்கித் தருகிறது. அத்தேவையால் விளையும் இலாபம், பற்றாக்குறை நிலவும் இடத்தைச் சென்றடைகிறது: சிலிக்கன் குறைவாக இருந்தபோது அதனை விற்றோரிடமும், தகடுகள் மிகுந்தபோது அவற்றை வாங்கியோரிடமும் சென்றது. எனவே ஒரு சூரிய மின் நிறுவனத்தின் இலாபத்தை மதிப்பிடும் ஆய்வு, ஆதரவின் அளவோடு வழங்கல் சங்கிலியில் அந்நிறுவனம் வகிக்கும் இடத்தையும், அதன் ஒப்பந்தக் கடப்பாடுகளையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.