ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்

முன்னாளில் நம் ஊர்த் திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் 'கொழுகொழு குழந்தைப் போட்டி' நடைபெறுவதுண்டு. எடை மிகுந்த குழந்தைக்குப் பரிசு. அதைச் சுமந்து நின்ற தாய்க்கோ சொல்லொணாப் பெருமை. பஞ்சமும் கொள்ளை நோயும் பச்சிளம் குழந்தைகளை வாரிக்கொண்டு போன நாட்களை அறிந்திருந்த மக்களுக்கு, உப்பிய கன்னம் உயிர் தங்கும் என்ற நம்பிக்கையின் அடையாளமாகத் தோன்றியது. அதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. 2025-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெப் வெளியிட்ட அறிக்கை நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளோரில் எடை குறைந்தவர்கள் நூற்றுக்கு 9.2 பேர், உடற்பருமன் நோய்க்கு ஆளானவர்களோ 9.4 பேர். பட்டினியின் எண்ணிக்கையைப் பருமனின் எண்ணிக்கை முந்தியது இதுவே முதன்முறை.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அளவுக்கு மீறிய எடையுடையோர் 2015-16-ல் 2.1 விழுக்காடு, 2019-21-ல் 3.4 விழுக்காடு என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. அதே ஆய்வில், வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிய குழந்தைகள் 35.5 விழுக்காடு. ஒரே தெருவில் ஒரு வீட்டில் குறைவு, மறு வீட்டில் மிகை. இரண்டையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

யார் குற்றம்?

முதியவர்களின் நோய் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு, இன்று பள்ளிப் பிள்ளைகளிடமும் காணப்படுகிறது. இரத்த அழுத்தம், ஈரலில் கொழுப்புப் படிதல், மூட்டு வலி எனத் தொல்லைகள் தொடர்கின்றன. உடல் நோயைவிடக் கொடியது மனக்காயம். வகுப்பில் பட்டப்பெயர், விளையாட்டில் கடைசி இடம், உறவினர் கூடும் இடத்தில் கேலி. "நீ கண்டதையும் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று பழியெல்லாம் தாயின் தலையில் விழுகிறது.

பழி சுமத்துமுன் சற்றே சிந்திப்போம். 300 மில்லி லிட்டர் குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறேழு தேக்கரண்டி, கரைந்திருக்கிறது. அதைப் பள்ளி வாசலில் விற்பது குழந்தையா? திரைநட்சத்திரத்தைக் கொண்டு விளம்பரம் செய்வது தாயா? பிள்ளைகள் ஓடியாடிய திடல்களில் கட்டடங்களை எழுப்பியது யார்? சாலையில் தனியே நடந்து செல்ல அஞ்சும் நிலையை உண்டாக்கியது யார்? ஊரார் சேர்ந்து வளர்த்த நோயை ஒரு குடும்பம் மட்டும் எவ்வாறு போக்க முடியும்?

இரு சிற்றூர்கள் காட்டிய வழி

பிரான்சு நாட்டின் வடபகுதியில், லில் நகருக்கு அண்மையில், ஃப்ளெர்பே, லவாந்தி என இரு சிற்றூர்கள் உள்ளன. 1992-ஆம் ஆண்டில் அங்குள்ள பள்ளிகளில் நல்லுணவு பற்றிய பாடங்கள் தொடங்கப்பெற்றன. பிள்ளைகள் ஆர்வத்தோடு கற்றனர். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் அவர்களின் எடை குறையவில்லை, மாறாகக் கூடியது. வேறு எவராயினும் 'வீண் முயற்சி' என்று கைவிட்டிருப்பர். அவ்வூரார் கைவிடவில்லை.

பாடம் மட்டும் போதாது என்பதை உணர்ந்து ஊர் முழுவதுமே களத்தில் இறங்கியது. நகரத் தலைவர், ஆசிரியர், மருத்துவர், மருந்துக் கடைக்காரர், வணிகர், உணவு விடுதி நடத்துவோர் யாவரும் கைகோத்தனர். விளையாட்டுத் திடல்கள் அமைந்தன, பயிற்சியாளர்கள் அமர்த்தப்பட்டனர், நடைபாதைகள் வகுக்கப்பட்டன. குடும்பங்களுக்குச் சமையற் பயிற்சி அளிக்கப்பட்டது. தேவைப்பட்ட குடும்பங்களுக்குத் தனி ஆலோசனையும் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2004-ல் கணக்கெடுத்தபோது, அவ்விரு ஊர்களில் எடை மிகுந்த பிள்ளைகள் 8.8 விழுக்காடு, ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட அண்டை ஊர்களிலோ 17.8 விழுக்காடு. ஏறக்குறைய பாதி! அவ்வாண்டே பிரான்சின் பத்து நகரங்கள் இதே வழியைப் பின்பற்றத் தொடங்கின.

இங்கே நாம் கற்க வேண்டியவை இரண்டு: ஒன்று ஒற்றுமை, மற்றொன்று பொறுமை.

சிலி நாட்டின் கறுப்பு முத்திரை

ஊரார் எவ்வளவு முயன்றாலும், பெருவணிகத்தின் கையைக் கட்டும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது அரசின் கடமை. தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாடு இதற்கு நல்ல சான்று. அங்கு முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பருமன் நோய்க்கு ஆளாகியிருந்தனர். மருத்துவராகவும் செனட் உறுப்பினராகவும் விளங்கிய கைதோ கிரார்தி போன்றோரின் பல்லாண்டுப் போராட்டத்தால் 2012-ல் சட்டம் பிறந்தது; 2016 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது.

சர்க்கரையோ, உப்போ, கெட்ட கொழுப்போ, கலோரியோ வரம்பு மீறிய பொட்டலங்களின் முகப்பில் எண்கோண வடிவில் கறுப்பு முத்திரை பொறிக்கப்பட வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனும் அதைக் கண்டு புரிந்துகொள்வான். அத்தகைய பண்டங்களைப் பள்ளியில் விற்கக் கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்டோரைக் கவர விளம்பரம் செய்யக் கூடாது. பொம்மை கொடுத்து ஆசை காட்டவும் கூடாது. காலையுணவுப் பெட்டிகளில் சிரித்துக்கொண்டிருந்த கேலிச்சித்திர விலங்குகள் மறைந்தன. சட்டம் வந்தபின், முத்திரை பெற்ற இனிப்புப் பானங்களை மக்கள் வாங்கிய அளவு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது என ஆய்வு கூறுகிறது. பிள்ளைகளின் எடையில் இதன் பலன் முழுமையாகத் தெரியக் காலம் பிடிக்கும். எனினும் நல்ல தொடக்கம் என்பதில் ஐயமில்லை. பெரு, உருகுவே, மெக்சிகோ ஆகிய நாடுகளும் கறுப்பு முத்திரையை ஏற்றுள்ளன.

நம் வாசலில்

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் விதி வகுத்தது. உணவில் எவ்வளவு சர்க்கரை உள்ளது எனக் காட்டும் பலகைகளை வைக்குமாறு 2025-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளைப் பணித்தது. ஆனால் ஏட்டில் எழுதிய சர்க்கரை இனிக்காது. ஏட்டில் எழுதிய சட்டமும் காக்காது. அதை நடைமுறைப்படுத்துமாறு கேட்கும் பெற்றோர் வேண்டும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை பல. பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசாமல், பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் என்ன விற்கிறது என்றும் கேட்போம். பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய்க்கு மாறாக வாழைப்பழமோ, கொய்யாவோ, கடலை உருண்டையோ வழங்குவோம். பங்குத் திருவிழாவில் குளிர்பானத்துக்குப் பதிலாக நீர்மோரும் பானகமும் தருவோம். பானகத்தில் வெல்லத்தைக் குறைத்தே இடுவோம். மாலை வேளையில் ஆலய வளாகத்தையும் பள்ளித் திடலையும் பூட்டி வைக்காமல் பிள்ளைகளுக்குத் திறந்து விடுவோம். நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் அவர்கள் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அனைத்திலும் மேலாக, பருமனான பிள்ளையைக் கேலி செய்யாதிருப்போம். அதைப் பட்டினி போடுவதும் மருந்தன்று. வீட்டார் அனைவரும் ஒரே உணவை உண்டு, ஒன்றாக நடந்து பழகினால், 'நான் மட்டும் தண்டிக்கப்படுகிறேன்' என்ற எண்ணம் அப்பிஞ்சு மனத்தில் எழாது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பதை நாம் அறிவோம். அரசு ஒரு வடத்தையும், பள்ளி ஒரு வடத்தையும், குடும்பங்கள் ஒரு வடத்தையும் பற்றி இழுக்கட்டும். நம் கை எந்த வடத்தில் இருக்கிறது என்பதை இன்றே எண்ணிப் பார்ப்போமாக!