தளம் போடும் நாளில் தண்ணீர்க் கணக்கு

தம் விருப்பப்படி வீடு கட்டிக்கொள்ள விரும்புவோர் காண்ட்ராக்டரிடம் அறைகளின் அளவு, தேக்கு நிலை, தரைக்கு இடும் கல் ஆகியவை பற்றி மணிக்கணக்கில் பேசுகின்றனர். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஆனால், கூரைத் தளம் போடும் அன்று கலவையில் எவ்வளவு நீர் ஊற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தே அவ்வீட்டின் ஆயுள் பெரிதும் அமைகிறது.

ஈரம் உலர்வதால் சிமெண்டு இறுகுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சிமெண்டிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீருடன் வேதிவினை புரிந்து ஒரு கூழ்மமாகி, மணலையும் ஜல்லியையும் பிணைக்கின்றன. இவ்வினைக்கு, சிமெண்டின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு நீர் தேவை. கூழ்மத்தின் நுண்துளைகளில் தங்கும் நீரையும் சேர்த்தால் 38 பங்கு. அதாவது, 50 கிலோ மூட்டைக்கு 19 லிட்டர். ஆனால் இவ்வளவு விறைப்பான கலவை கம்பிகளுக்கிடையே எளிதில் இறங்காது. ஆகவே வீட்டுத் தளங்களுக்கு மூட்டைக்கு 25 லிட்டர் அளவில் சேர்க்கின்றனர். மணல் ஈரமாயிருந்தால் அந்த ஈரத்தையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல் ஊற்றும் நீர் என்ன ஆகிறது? வினையில் சேராமல் நாளடைவில் ஆவியாகிப் போகிறது. அது இருந்த இடம் துளையாக நின்றுவிடுகிறது. நீர் கூடக் கூட வலிமை குறையும் என்பதை 1918-இல் அமெரிக்கப் பொறியியலார் டஃப் ஏப்ராம்ஸ் சோதனைகளால் நிறுவினார். வலிமையோடு இழப்பு நிற்பதில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மையே உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. துளைகள் வழியே புகும் கரியமில வாயு அக்காரத்தன்மையைக் குறைத்துவிடும். கூடவே ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருவோ இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பது. கூரையின் அடிப்புறம் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மேஸ்திரி ஏன் நீரைக் கூட்டுகிறார்? அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இளகிய கலவை விரைவில் பரவும். இழுத்துவிடுவோருக்கு உழைப்பு குறையும். வெயில் ஏறுமுன் வேலை முடியும். சதுர அடிக் கணக்கில் கூலி பேசியவருக்கு நேரமே பணம் அல்லவா? எனவே, மூட்டைக்கு இத்தனை லிட்டர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அளவு வாளி ஒன்றையும் கலவை இயந்திரத்தருகே வைத்துவிட வேண்டும். விறைப்பான கலவையையும் மூலைமுடுக்குகளில் படியச் செய்வது அதிர்வுக் கருவி. அதன் வாடகை யாருடையது என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நலம். ஜல்லி கொட்டிய பிறகு வாக்குவாதம் செய்து பயனில்லை.

இறுகிய பின் கதை தலைகீழாகிறது. இப்போது நீர் குறையக் கூடாது. குறைந்தால் வேதிவினை நின்றுபோகும். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி (2000), சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், வெப்பமும் வறட்சியும் மிக்க சூழலில் 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. சாம்பல் கலந்த சிமெண்டானால் 14 நாள் வரை நீட்டிப்பது நன்று. தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்தலாம். தூணில் நீர் நிற்காதாகையால், சாக்கைச் சுற்றி நனைக்க வேண்டும். ஆனால் தளம் முடிந்ததும் ஆட்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவர். அந்நாட்களில் வாளி எடுப்பவர் யார் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.