நாஞ்சில் அடுக்களை – 6: வறுத்தரைப்பு

வேலை கிடைத்து வெளியூர் போய், முதன்முதலாகத் தனியாக அடுப்புப் பற்றவைக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்காக இந்த வாரம் எழுதுகிறேன். அடுக்களைக்கு என்னென்ன வாங்கி வைப்பது என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது.

கிளம்புமுன் நம்மூர் வடசேரிச் சந்தைக்கோ கோட்டாற்றுப் பலசரக்குக் கடைக்கோ போனால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். மல்லி, வற்றல் மிளகாய், நல்லமிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், காயம், புளி, கல்லுப்பு. எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய். உள்ளி எனும் சின்ன வெங்காயமும் தேங்காயும் கறிவேப்பிலையும் அந்தந்த வாரத்துக்கு. நம் மலையில் விளையும் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது; ஆனாலும் நம் அன்றாட மரக்கறிக் குழம்பில் அதற்கு வேலையில்லை. பிறகு வாங்கலாம்.

மஞ்சளைத் தவிர எதையும் பொடியாக வாங்காதீர்கள். முழு மல்லி மாதக்கணக்கில் மணக்கும். பொடித்துவிட்டால் மணத்தைத் தரும் எண்ணெய் காற்றோடு போய்விடும். நூறு, இருநூறு கிராம் போதும். புளியை மட்டும் கூடுதலாக வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்புத் தூவி ஜாடியில் அமுக்கி வையுங்கள். தீயல் எனும் வறுத்தரைத்த புளிக்குழம்புக்கு நாள்பட்டுக் கறுத்த புளியும் நிறம் தரும்.

நல்லமிளகு என்ற பெயரையும் விட்டுவிடாதீர்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் நம் குழம்புக்குக் காரம் கொடுத்தது நல்லமிளகு என்று நாம் சொல்லும் இந்த மிளகுதான்.

சரக்கு வந்தாயிற்று. முதலில் எதைச் சமைப்பது? சாம்பார் என்பார்கள். நான் உள்ளித் தீயல் என்பேன். அது கைவந்தால் தீயைக் கையாளத் தெரிந்துவிடும்.

ஒரு முறி, அதாவது பாதித் தேங்காயைத் திருவி, ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். கூடவே நாலு உள்ளி, ஒரு கொத்து கறிவேப்பிலை, பத்து நல்லமிளகு. முதலில் ஈரம் வற்றும், பிறகு வெளிறிய மஞ்சள், அதன்பிறகு பொன்னிறம். இங்கேதான் புதிதாகச் சமைப்பவர்கள் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். ஆறு வற்றலையும் இரண்டு மேசைக்கரண்டி மல்லியையும் இப்போது போடுங்கள். முன்பே போட்டால் தேங்காய் சிவக்குமுன் மல்லி கருகிக் கசந்துவிடும். காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும்.

“மக்கா, கையெடுக்கப்பிடாது” என்று பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருப்பாள் என் அம்மை. ஒருநாள் நான் கையெடுத்தேன், கருகியது. அவள் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தேங்காயை உடைத்துத் தந்தாள்.

வறுத்ததைத் தண்ணீர் விடாமல், எண்ணெய் கசியும்வரை அரைக்க வேண்டும். முழு உள்ளியை எண்ணெயில் வதக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் புளிக்கரைசலில் வேகவிட்டு, அரைப்பைக் கலந்து கொதிக்கவிடுங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் இறக்கிவிடலாம்.

அந்தக் காப்பிக்கொட்டை நிறத்தை எழுத்தில் முழுதாகக் காட்ட என்னால் முடியவில்லை. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது, அம்மை தேங்காய் வறுக்கையில் அரைமணி நேரம் பக்கத்தில் போய் நில்லுங்கள்.