புதுவீட்டு இணையம்: தெரிவு யாருடையது?

புதிய அடுக்ககத்தில் குடியேறுவோர் குடிநீரையும் மின்சாரத்தையும் குறித்து முன்கூட்டியே விசாரிக்கின்றனர்; இணையத்தைப் பற்றிக் கேட்போர் அரிது. வளாகத்துக்குள் கண்ணாடியிழை வடம் பதிக்க ஒரே நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி அளிக்கப்பட்டிருந்தால், அது குடியேறிய பின்னரே தெரியவரும். ஊரில் பல நிறுவனங்கள் போட்டியிட்டாலும், அப்போட்டி வாயிற்கதவோடு நின்றுவிடும். உள்ளே நிலவுவது முற்றுரிமை. வேகம் குறைந்தாலும் கட்டணம் உயர்ந்தாலும் மாற்று இல்லை.

கட்டடங்களின் இணைய வசதிக்குத் தரமதிப்பீடு வழங்கும் விதிமுறைகளை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (ட்ராய்) 2024 அக்டோபரில் வெளியிட்டது. வீடு வாங்குவோருக்கு இது பயனுள்ள தகவல். ஆனால், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தைத் தகவல் மாற்றிவிடாது.

வடம் செல்லும் குழாய்ப்பாதை, குடியிருப்போர் அனைவரும் விலை கொடுத்துப் பெற்ற பொதுவசதி. நியாயமான கட்டணத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் அது திறந்திருக்க வேண்டும். முன்பணம் செலுத்துமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இங்கு எத்தனை நிறுவனங்கள் இணைப்புத் தரலாம்?