தாத்தாவின் முகத்தைச் செயலியிடம் ஒப்படைக்காதீர்கள்

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்னும்போதுதான் பல வீடுகளில் பழைய போட்டோக்களைத் தேடவே ஆரம்பிக்கிறோம். கிடைப்பது பெரும்பாலும் ஒரு கல்யாண குரூப் போட்டோ. அதுவும் ஓரமெல்லாம் மஞ்சள் ஏறி, பூச்சி அரித்து, பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போய் இருக்கும். கைப்பேசிச் செயலியில் ஏற்றினால் சில நொடிகளில் பளபளவென்று ஆகிவிடுகிறது. அதை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அவரு மாதிரி இல்லையே" என்பார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். இத்தகைய செயலிகளுக்குள் இருப்பது முகங்களை வரையக் கற்ற மென்பொருள். 2021இல் வெளிவந்து பரவலாகப் பயன்படும் ஜிஎஃப்பி-கேன் என்பதையே எடுத்துக்கொள்வோம். ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகப் படங்களைக் கொண்டு அது பயிற்சி பெற்றது. மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. எது இருக்கக்கூடும் என்று தான் பார்த்த முகங்களை வைத்து வரைந்துவிடும். ஆத்தாவின் கன்னத்து அம்மைத் தழும்பு அதன் கண்ணுக்கு வெறும் அழுக்கு. பாம்படம் தொங்கும் வளர்த்த காதை எத்தனை முறை பார்த்திருக்கும் அது? தழும்பை வழித்துவிட்டு, காதை ஏதோ ஒரு காதாக்கிவிடுகிறது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தார்கள். ஆனால் அவர்கள் பென்சில் பிடித்தது, அந்த ஆள் தங்கள் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு.

சேதத்தைப் போக்குவது வேறு, முகத்தைப் புதிதாக உண்டாக்குவது வேறு. முன்னதை வீட்டிலேயே, பொறுமையிருந்தால், நன்றாகச் செய்யலாம்.

படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் படலம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் உருவமே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, நிழல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் நேராக வைத்துப் படமெடுங்கள். ஒட்டாத படத்தை மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி ஸ்கேன் செய்யலாம், ஈரத்துணி ஆகாது. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள். 6 அங்குல அகலப் படம் அப்போது 3,600 புள்ளிகள் தரும். அதை 300 டிபிஐயில் 12 அங்குலம்வரை தெளிவாக அச்சிடலாம். பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1,200. ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கலர் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்கள் உண்டு. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்குவதால் நீலச் சேனலில் கன்னங்கரேலென்று தெரியும். படத் திருத்த மென்பொருளில் சிவப்புச் சேனலைத் தனியே திறந்தால் அதே கறை ஏறக்குறைய மறைந்திருக்கும். அந்த ஒரு சேனலை மட்டும் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கினால், பிரஷ்ஷைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் கையால் வண்ணம் தீட்டிய படங்களுக்கு இந்த வழி உதவாது. 1970, 80களின் கலர் படங்களின் கதை வேறு. அக்காலத் தாள்கள் பலவற்றில் சியான் சாயம் முதலில் வெளிறியதால்தான் அவை செக்கச்செவேலென்று நிற்கின்றன. லெவல்ஸ் கருவியில் மூன்று சேனல்களையும் தனித்தனியே சரிசெய்தால் சட்டையின் பழைய நிறம் எழுந்து வரும்.

கிழிசல், மடிப்புக் கோடு, பூச்சி அரித்த புள்ளி ஆகியவற்றுக்கு ஹீலிங் பிரஷ். ஃபோட்டோஷாப்பில் இது 2002இல் வந்தது. காசு கொடுக்காமல் கிடைக்கும் ஜிம்ப்பிலும் உண்டு. மூலப்படத்தின் மேல் ஒரு வெற்று லேயர் போட்டு, சுவர், திரை, புடவை என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். கண், மூக்கு, வாய் மீது கோடு விழுந்திருந்தால் பிரஷ்ஷை மிகச் சிறிதாக்கிக் கோட்டை மட்டும் எடுங்கள். கண்ணே அழிந்துபோயிருந்தால் அதே ஆளின் வேறு படம் இருக்கிறதா என்று சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். இல்லையென்றால் அழிந்தது அழிந்ததாகவே இருக்கட்டும். அரைகுறையாகத் தெரியும் உண்மை முகம், தெளிவாகத் தெரியும் யாரோ ஒருவரின் முகத்தைவிட மேல்.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. ஆவணக் காப்பகங்கள் கறையும் கிழிசலுமான மூலப் பிரதியைத்தான் முதலில் பத்திரப்படுத்தும். வீட்டிலும் அதையே செய்யுங்கள். ஸ்டூடியோவில் கொடுத்தாலும், கைவைக்காத ஸ்கேன் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செப்பனிட்டதைத் தனிப் பெயரில் வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் ஊரையும் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிவிடுங்கள்.