ஒரே வகுப்பு, வெவ்வேறு வளர்ச்சி

தரம் 7 வகுப்பறை ஒன்றை எட்டிப் பாருங்கள். எல்லோரும் ஒரே வயதினர்தான். ஆனால் ஒருத்தி ஆசிரியையின் உயரத்துக்கு நிற்பாள். அருகில் இருப்பவள் தரம் 4 பிள்ளை போலத் தெரிவாள். இருவரிலும் பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லை. அவர்களது உடலின் கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, சூலகங்களைத் தூண்டும் ஓமோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கும்போது கட்டிளமைப் பருவ மாற்றங்கள் ஆரம்பிக்கின்றன. அது எப்போது என்பதில் பரம்பரைக்கும் போசணைக்கும் பெரும் பங்குண்டு. போசணைக் குறைபாடு பூப்பைப் பிந்தச் செய்யும்; மேலதிக உடல் நிறை முந்தச் செய்யலாம். பெண்பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ 14 வயதிலும் மிக விரைவாகக் கூடுகின்றது. அந்த வேகம் தணியத் தொடங்கிய பின்னரே பொதுவாகப் பெண்பிள்ளை பூப்படைகிறாள்.

இந்த வேறுபாடு விளையாட்டிலும் தெரியும். முந்தி வளர்ந்தவள் குண்டு போடுதலில் முன்னிற்கலாம். உடலில் கொழுப்புச் சேர்வதால் ஓட்டத்தில் சிலகாலம் பின்தங்கவும் கூடும். பிந்தி வளர்பவள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் எட்டிப்பிடித்துவிடுவாள். ஆகவே 12 வயதில் "இவளுக்கு விளையாட்டு வராது" என்று தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. "பெரியபிள்ளை ஆகிவிட்டாய், இனி ஓடித் திரியாதே" என்ற ஒரு வார்த்தையோடு வலைப்பந்தாட்டத்தை விட்டுவிட்ட தோழிகளை நான் அறிவேன். ஆனால் உடலுக்கு ஓட்டமும் துள்ளலும் மிகவும் தேவைப்படும் காலம் அதுதான். வளர்ந்தவர் ஒருவரின் என்புக் கனிமத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, உயரம் விரைந்து கூடும் காலத்தை அண்டிய இரண்டு ஆண்டுகளில் சேர்கின்றது. அப்போது சேமிக்கும் பலமே முதுமையில் என்பு முறியாமல் காக்கும். 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உணவும் முக்கியம். நெத்தலி, பால், குரக்கன், எள்ளு என்பன கல்சியம் தரும். மாதவிடாயால் இழக்கும் இரும்புச்சத்தை ஈடுசெய்ய இறைச்சி, மீன், கீரை வேண்டும். கீரைக்குத் தேசிக்காய்ப்புளி விட்டால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது குறையும். பாடசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் புத்தகப் பைக்குள் ஒளித்து வைக்காதீர்கள்!

8 வயதுக்கு முன் மார்பக வளர்ச்சி தொடங்கினாலோ, 13 வயதாகியும் தொடங்காவிட்டாலோ, 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ வைத்தியரை நாடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடலுக்கும் எம்மீது உரிமை உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எமக்குக் கற்பித்த பாடம். பெற்றோரே, மார்க்கம் கூறும் உடையோடும் ஒழுக்கத்தோடும் உங்கள் மகள் பாடசாலை மைதானத்தில் விளையாட இடமுண்டு. அவள் பெரியபிள்ளையான பின்னரும் அவளை அங்கு அனுப்புங்கள்.