நழுவலுக்கு ஒரு வரம்பு

கார் வளைவில் திரும்புகையில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட நெடுந்தொலைவு ஓட வேண்டியுள்ளது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் பற்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். ஆயினும் அதற்கு ஒரு குறையுண்டு. வேகம் வேறுபடினும் முறுக்குவிசையை அஃது இருபுறமும் சமமாகவே பகிரும். ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால் அதைச் சுழற்ற மிகச் சிறிய விசையே போதும். தார்ச்சாலையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அச்சிறிய விசையே கிட்டும். ஒன்று வீணே சுழல, மற்றது அசையாது நிற்கும்.

இக்குறையைப் போக்க எழுந்ததே 'லிமிட்டட் சிலிப் டிஃபரன்ஷியல்'. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1956இல் தன் கார்களில் இதனை அளித்தது. இதன் ஒரு வகையில், சக்கர அச்சுடன் சுழலும் தட்டுகளும் டிஃபரன்ஷியலின் உறையுடன் சுழலும் தட்டுகளும் மாறிமாறி அடுக்கி அழுத்தப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் தனித்து விரையுமாயின், தட்டுகள் உராய்ந்து அதை இழுத்துப் பிடிக்கும். அவ்வுராய்வின் அளவுக்கு மிகுதியான விசை மற்றச் சக்கரத்தைச் சேரும்.

இங்குச் சொல்லிலும் ஒரு சிக்கலுண்டு. 'சிலிப்' என்பதை 'வழுக்கல்' எனப் பெயர்த்தால், டயர் சாலையில் வழுக்குவதை இது தடுக்கும் என்றே மாணவர் கொள்வர். வரம்பிடப்படுவதோ இரு சக்கரங்களின் சுழல்வேகங்களுக்கிடையே எழும் வேறுபாடு. இரு சக்கரங்களும் சேற்றில் நின்றால் இக்கருவியால் பெரும்பயனில்லை. ஆதலின், 'சுழல்வேறுபாட்டு மட்டுறுத்தி' என்பதே பொருத்தமெனக் கருதுகிறோம். பட்டறையில் அதை எவரும் சொல்லார் என்பதும் நாம் அறிந்ததே. பாடநூலிலேனும் பொருள் பிறழாதிருக்கட்டும்.